கண் முகாம் நடத்தும் கோயில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் கோயில்களையும் தமிழ்ச் சங்கங்களையும் நடத்திவரும் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், பெண்கள் பிரிவுத் தாய்மார்களுக்கும் டர்பனிலிருந்து வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலில் கண் ஆபரேஷன் தியேட்டரிலும், பிறகு புற்றுநோய்க்காரர்களுக்குக் கீமோ மருந்து ஏற்றும் பிரிவிலுமாக வேலை பார்த்து முடித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உங்களில் நிறைய பேருக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் கதவைத் திறப்பதும் சாத்துவதும் வீட்டில் இன்னும் தமிழ் பேசும் ஆயாக்களும் அம்மாக்களும்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு யாராவது வாசித்துச் சொல்லிவிடுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனை நாள் நடத்துகிறீர்களே, அன்று இன்னொரு மேசை போட இடம் கொடுங்கள். புற்றுநோய் என்று தெரியவந்திருக்கும் இளம் வயதுக்காரர்களும் அவர்களைப் பெற்றவர்களும் வந்து, சிகிச்சை தொடங்கும் முன்பே பிள்ளை பெறும் வாய்ப்பைக் காத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டுப் போக ஒரு மேசை. அவ்வளவுதான்.

கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கண் விஷயத்தில் நாம் எப்படி இவ்வளவு தூரம் வந்தோம் என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் புரியும்.

1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டாக்டர், கண்புரை எடுத்த கண்ணுக்குள் முதன்முதலாக ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைத்தார். போர்க்காலத்தில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டுகள் தெறித்துப் போய் உட்கார்ந்திருந்தன. அவை அங்கேயே கிடந்தும் கண் வீங்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. அதைக் கவனித்துத்தான் அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்தார். சக டாக்டர்கள் பல வருஷம் அவரை ஏற்கவில்லை. 1965-இல் நம் நாட்டிலேயே, சொவேட்டோவின் பாரக்வனாத் மருத்துவமனையில், பெர்சி அமோய்ல்ஸ் என்ற கண் டாக்டர் ஒரு கருவியை உருவாக்கினார். அழுத்தத்தில் அடைத்த வாயு சட்டென்று விரியும்போது உண்டாகும் கடுங்குளிரை ஒரு மெல்லிய கம்பியின் நுனிக்குக் கொண்டுவந்து, புரை விழுந்த லென்ஸை அதில் ஒட்டவைத்து முழுசாக வெளியே எடுக்கும் கருவி அது. பின்னாளில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் நெல்சன் மண்டேலாவும் ஒருவர். 1967-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெல்மன், அல்ட்ராசவுண்டால் புரையை உள்ளேயே கரைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வந்த யோசனையாம். 1992-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, ஆரோலேப் என்ற தன் தொழிற்சாலையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. பணக்காரக் கண்ணுக்குத்தான் லென்ஸ் என்றிருந்த நிலை உலகம் முழுக்க மாறியதில் அந்தத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைக்குப் பெரிய பங்கு உண்டு. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை.

தியேட்டரில் நான் பார்த்ததில் இன்றும் அலுக்காத காட்சி ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல். அதன் வழியே சுருட்டிய லென்ஸ் உள்ளே போகும். போனதும் மெதுவாக, அவசரமே இல்லாமல், தானாக விரியும். மைக்ரோஸ்கோப்பின் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் புது நர்ஸ்கள் ஒரு நொடி வாயைத் திறந்தபடி நிற்பார்கள். தையல் கிடையாது. முடிக்கும் முன் கண்ணுக்குள் ஒரு சொட்டு ஆன்டிபயாடிக். அந்த ஒரு சொட்டு, ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் கிருமி பிடிப்பதை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று 2007-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பார்வையே போய்விடக்கூடிய ஆபத்து அது. இவ்வளவு பெரிய மாற்றம் இவ்வளவு சின்ன விஷயத்தில் வரும் என்று ஆய்வுக்கு முன்னால் எல்லோருமா நம்பினார்கள்?

சரி, இதெல்லாம் டாக்டர்கள் செய்தது. நீங்கள் செய்தது வேறு. டர்பன் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம் என்று 1980, 90-களிலேயே இங்குள்ள டாக்டர்கள் ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். அது விழித்திரையைக் கெடுக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன், பரிசோதனைக்கு யாரும் போகவில்லை. நீங்கள்தான் மேசையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தீர்கள். கண்ணில் பூ விழுந்துவிட்டது, இனி விதி என்று மூலையில் உட்கார்ந்திருந்த ஆயாக்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தீர்கள். காவடிக் கூட்டத்தில், கஞ்சி வாங்க நிற்கும் வரிசையில், ஒலிபெருக்கியில், "சர்க்கரை இருப்பவர்கள் எல்லாரும் கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டீர்கள். நாடு முழுக்கத் தண்டவாளத்தில் போகும் பெலோபேபா மருத்துவ ரயில் 1994-இலிருந்து கிராமம் கிராமமாகக் கண்ணாடி கொடுக்கிறது. ரயில் வராத இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். யாரும் வெட்கப்படவில்லை. கண்ணில் புரை என்று சொல்ல எவருக்கும் கூச்சம் இல்லை.

இப்போது அந்த இன்னொரு விஷயம்.

கீமோ பிரிவில் ஒரு மத்தியான நேரம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். மார்பகப் புற்றுநோய். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்தார். இரண்டாவது சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அம்மா டீ வாங்க எழுந்து போன நேரம் பார்த்து, டிரிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "சிஸ்டர், இதுக்கு அப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா?" அவளுடைய ஃபைலைப் புரட்டினேன். வேறொரு மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம். பக்கவிளைவுகளின் பட்டியலில், முடி கொட்டும் என்பதற்கும் வாய்ப்புண் வரும் என்பதற்கும் நடுவில், கருவளம் பாதிக்கப்படலாம் என்று ஒரு வரி. அந்த வரியை அவளுக்கு யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை. அம்மா டீயோடு திரும்பி வந்து எங்கள் பேச்சின் கடைசித் துண்டைக் கேட்டுவிட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? முதல்ல உயிரோட இரு" என்றார். அம்மாவைக் குறை சொல்லவே முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நேரம் இருந்தது முதல் சுற்றுக்கு முன்னால். மருந்து ஏறத் தொடங்கிய பின், உறைய வைப்பதற்காகக் கருமுட்டை எடுப்பதை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த மடல். கண்புரை இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு அடுத்த வருஷம் கிடையாது. நோய் தெரிந்த நாளுக்கும் முதல் கீமோவுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று வாரம், அதுதான் மொத்த வாய்ப்பும்.

என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். ஆண்களுக்கு மிகச் சுலபம். சிகிச்சைக்கு முன் விந்தைச் சேகரித்து உறைய வைப்பது. அதில் புதுமை எதுவும் இல்லை. கிளிசரின் கலந்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று 1949-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். 1953-லேயே உறைய வைத்த விந்தில் குழந்தை பிறந்துவிட்டது. ஒரு சின்னக் கிண்ணம், ஒரு தனி அறை, ஒரு காலைப் பொழுது. இவ்வளவு சுலபமான ஒன்றைக்கூட நம் பையன்களுக்குச் சொல்லாமல் விடுகிறோம். பத்தொன்பது வயதுப் பையனிடம் அப்பா எப்படி இதைப் பேசுவார்? பேசமாட்டார். மாமாவும் பேசமாட்டார். டாக்டரும் அவசரத்தில் இருப்பார். அப்புறம் முப்பது வயதில், கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, ரகசியமாக ஒரு கிளினிக் வாசலில் நிற்பான்.

பெண்களுக்குக் கதை நீளம். முட்டை நம் உடம்பிலேயே பெரிய செல். நிறையத் தண்ணீர் நிரம்பியது. மெதுவாக உறைய வைத்தால் உள்ளே பனித்துகள் உருவாகிச் செல்லைக் கிழித்துவிடும். ஃப்ரீசரில் மறந்து வைத்த தண்ணீர் பாட்டில் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1986-இல் கிறிஸ்டோபர் சென் என்ற டாக்டர், உறைய வைத்த முட்டையிலிருந்து குழந்தை பிறந்ததை உலகத்துக்கு அறிவித்தார். ஆனால் அதன்பின் பல வருஷம் அந்த முறை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பிறகு, பனித்துகள் உருவாக நேரமே கொடுக்காமல் ஒரே நொடியில் கண்ணாடி போல இறுகவைக்கும் முறை வந்தது. 1999-இல் அந்த முறையில் முதல் குழந்தை பிறந்தது. ஜப்பானியர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வருஷக்கணக்கில் இருந்தாலும் முட்டைக்கு வயதாவதில்லை. 2012-இல் அமெரிக்கக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம், இது இனி பரிசோதனை முறை அல்ல என்று அறிவித்தது.

பாரக்வனாத்தில் லென்ஸை ஒட்டவைத்து எடுத்ததும் குளிர், முட்டையைக் காத்து வைப்பதும் குளிர். தியேட்டரிலிருந்து கீமோ பிரிவுக்கு மாறிய எனக்கு இது ரொம்ப நாள் வேடிக்கையாக இருந்தது.

முன்பெல்லாம் மாதவிடாய் தொடங்கும் நாள் வரை காத்திருந்துதான் ஊசி போட ஆரம்பிப்பார்கள். இப்போது மாதத்தின் எந்த நாளிலும் ஆரம்பிக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டை கைக்கு வந்துவிடும். மார்பகப் புற்றுநோய் ஹார்மோனால் வளரும் வகையாக இருந்தால், லெட்ரோசோல் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணமானவர்களுக்குக் கருவாகவே உறைய வைக்கலாம். ஆகாதவர்களுக்கு முட்டை, அது அவளுடையது மட்டும், நாளைக்கு யாரைக் கட்டிக்கொண்டாலும்.

இரண்டு வாரம்கூடக் காத்திருக்க முடியாதவர்களுக்கும், வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் வேறு வழி உண்டு. வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உறைய வைத்து, குணமான பிறகு திரும்பப் பொருத்துவது. 2004-இல் பெல்ஜியத்தில் ஜாக் டோனே என்ற டாக்டரின் குழு இந்த முறையில் முதல் குழந்தையைக் கொண்டுவந்தது. ஒன்பது வயதில், பருவமடையும் முன்பே எடுத்து வைத்த துண்டைப் பொருத்திக்கொண்ட துபாய்ப் பெண் ஒருவர் 2016 டிசம்பரில் லண்டனில் பிரசவித்தார். அவருக்கு இருந்தது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். 2019-இல் இந்த முறையிலிருந்தும் "பரிசோதனை" என்ற முத்திரையை எடுத்தாயிற்று. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இதில் எச்சரிக்கை தேவை. பொருத்தும் துண்டோடு நோயின் செல்லும் திரும்பி வந்துவிடலாம். சிறுவர்களுக்கு விதைப்பைத் திசுவை எடுத்து வைப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. பெற்றோர் கேட்டால் அதையும் நேராகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஊர்ப் பேச்சில் இது தலைகீழாக ஓடுகிறது. "புற்றுநோய் வந்தவள் கர்ப்பமானால் நோய் திரும்பி வரும்" என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த இளம் பெண்கள் ஐந்நூறு பேருக்கு மேல் அதை இடையில் நிறுத்திக் குழந்தைக்கு முயன்றதைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கருவுற்றார்கள். அந்தச் சில வருஷங்களில் நோய் திரும்பி வந்தது, நிறுத்தாதவர்களைவிடக் கூடுதலாக இல்லை. நீண்ட காலக் கணக்கு இன்னும் வர வேண்டும். அதனால் டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் நம் வீடுகளில் ஓடும் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை.

சரி, வழி இருக்கிறது. பிறகு ஏன் நம் பிள்ளைகள் போவதில்லை? நான் கண்ட காரணங்களில் முதலாவது வாய்மூடித்தனம். மகளுக்குப் புற்றுநோய் என்பதையே காதும் காதும் வைத்த மாதிரி வைத்திருக்கிறோம், வரன் தட்டிப்போகும் என்று. மகள் மூன்று மாதம் "வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறாள்" என்று உறவினரிடம் சொல்லும் குடும்பத்தில், முட்டையை எடுத்து வைக்கலாமா என்ற பேச்சு எங்கிருந்து வரும்?

இரண்டாவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் யார் சொல்வார்கள்? முட்டை எடுப்பது பெரும்பாலும் கீழ்வழியாக, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, மயக்கம் கொடுத்துச் செய்வது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்படிச் செய்வதா என்று அம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கேள்வியை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டால் பதில் இருக்கிறது. வயிற்று வழியாக எடுக்க முடியும், லேப்ராஸ்கோப்பி முறையும் உண்டு. கேட்காமலே எழுந்து வந்துவிடுகிறார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெண், தனி இடத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீங்க பயப்படுறது எனக்குப் புரியுது" என்று தொடங்கினால் பாதி மலை இறங்கிவிடும். பெண்கள் பிரிவுத் தாய்மார்களே, இந்த இடத்தில் உங்களைத்தான் நம்புகிறேன். ஆண்கள் நிறைந்த நிர்வாகக் கூட்டத்தில் இது முதல் நிமிஷத்திலேயே தள்ளுபடியாகிவிடும் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாவது பணம். தென்னாப்பிரிக்காவில் எல்லா மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும்) கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதில் கண்புரை ஆபரேஷன் உண்டு. குழந்தையின்மைக்கும் ஒரு வரி உண்டு, ஆனால் அது பரிசோதனைகளோடும் அடிப்படைச் சிகிச்சையோடும் நின்றுவிடுகிறது. முட்டையை உறைய வைப்பது அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. புற்றுநோய்க்காரர்களுக்குத் தாமாகவே இதைத் தரும் திட்டங்கள் சில இருக்கின்றன. போன் செய்து கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். தனியார் கிளினிக்கில் பல பத்தாயிரம் ராண்ட் ஆகும், சேமித்து வைக்க ஆண்டுக் கட்டணம் வேறு. அரசு மருத்துவமனைகளில் கருத்தரிப்புப் பிரிவு என்றால் கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர், டைகர்பர்க், பிரிட்டோரியாவின் ஸ்டீவ் பிகோ என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். டைகர்பர்க்கில் 1980-களில் டீனஸ் க்ரூகர் வகுத்த விந்தணு அளவுகோலை இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட நாடு இது. இருந்தும் டர்பனின் ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வர்த்திலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு கேப் டவுன் 1,600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கையில் இருப்பதோ இரண்டு வாரம்.

பணம் திரட்டுவது நமக்குப் புதிதா என்ன? ஆர். கே. கான் என்ற வழக்கறிஞர் விட்டுப்போன சொத்தில் தொடங்கி, இந்தியச் சமூகம் கைக்காசு போட்டு வளர்த்த அறக்கட்டளையிலிருந்துதான் சாட்ஸ்வர்த் மருத்துவமனை எழுந்தது. 1969-இல் திறந்தபோது நிறவெறி அரசு நமக்காக என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள். வருஷத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு ஊசிச் செலவோ சேமிப்புக் கட்டணமோ தர முடிந்தால் போதும். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். நன்கொடைப் பலகையில் பெயர் வேண்டாம். எங்கள் ஊர்க் கோயிலில் ட்யூப் லைட்டில்கூடக் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். இங்கேயும் அந்த வழக்கம் கப்பலேறி வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிடலாம்.

கண்ணும் இதுவும் நேராகவே சந்திக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. கண் மேசையில் உட்காருபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் புற்றுநோய், ரெட்டினோபிளாஸ்டோமா. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தால் எல்லார் கண்ணும் சிவப்பாகத் தெரியும்போது, ஒரு குழந்தையின் ஒரு கண் மட்டும் பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னும். பல நேரம் அம்மாதான் முதலில் பார்ப்பார், செல்போனில், ஏதோ ஒரு பிறந்தநாள் படத்தில். சீக்கிரம் வந்தால் கீமோ, லேசர், உறைய வைக்கும் சிகிச்சை என்று கண்ணையே காப்பாற்ற வழி உண்டு. தாமதமானால் உயிரைக் காப்பாற்றக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கும். இந்த நோயில் ஒரு வகை பரம்பரையாக வருவது. அப்படிப்பட்டவர் பெரியவராகிப் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணுக் கோளாறு போய்ச் சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆய்வகத்தில் கருவைச் சோதித்து, கோளாறு இல்லாத கருவை மட்டும் வைக்கும் முறையில் 2000-களின் தொடக்கத்திலேயே ஆரோக்கியமான குழந்தை பிறந்திருக்கிறது. ஆக, இன்று கண் மேசைக்குத் தூக்கி வரும் குழந்தை இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த இன்னொரு மேசைக்கும் வரவேண்டியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் வைத்துவிடுகிறேன். இந்த மேசையைத் தனியார் கிளினிக்குகளிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். நல்ல ஆரோக்கியமான பெண்களிடம் "இப்போதே முட்டையை உறைய வையுங்கள், பிறகு கவலையில்லை" என்று இன்ஷூரன்ஸ் விற்பது மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். முட்டை உறைந்திருக்கிறது என்றால் குழந்தை உறுதி என்று அர்த்தமில்லை. முப்பத்தைந்துக்கு முன் எடுத்ததற்கும் நாற்பதில் எடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு முட்டையும் குழந்தையாவதில்லை. பலது உருக்கும்போதே போய்விடும், பலது கருவாகாது. வேலையும் படிப்பும் காரணமாகத் தள்ளிப்போடும் பெண்கள் எடுத்து வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. கோயில் மண்டபம் அதற்குச் சந்தையாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மேசையில் ஒரு நர்ஸ், முடிந்தால் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர். விலைப்பட்டியல், பேனர் எதுவும் கூடாது.

கீமோவுக்கு முன் பிள்ளைப்பேறு பற்றிப் பேசுவது டாக்டரின் கடமை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2006-லேயே வழிகாட்டி எழுதிவிட்டது. ஆகவே கேட்பவர் யாரும் அதிகப்பிரசங்கி ஆகிவிடமாட்டார். "டாக்டர், மருந்து ஆரம்பிக்கும் முன்னாடி குழந்தை விஷயமா யாரைப் பார்க்கணும்?" என்ற ஒரு கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துத் தர நான் தயார். ஜூலுவில் ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் கண் மேசைக்கு வருபவர்களில் பாதிப்பேர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள், உங்களுக்கே தெரியும்.

குருக்கள்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பிரசங்கம் செய்ய வேண்டாம். அர்ச்சனை முடிந்து அறிவிப்புகள் சொல்லும்போது, "நோய்வாய்ப்பட்ட இளம் பிள்ளைகள் இருந்தால் சிகிச்சைக்கு முன் அந்த மேசையில் ஒரு வார்த்தை கேட்டுப் போங்கள்" என்று சொன்னால் போதும். நீங்கள் சொன்னால் அதற்குமேல் கூச்சம் இருக்காது. நாங்கள் நூறு முறை சொல்வதும் நீங்கள் ஒரு முறை சொல்வதும் ஒன்றாகாது.

புரட்டாசி முடிந்ததும் பல கோயில்களில் நிர்வாகக் கூட்டம் கூடுவீர்கள். அதில் அரை மணி நேரம் கொடுத்தால் நானே வந்து பேசுகிறேன், கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். கூப்பிட விருப்பமில்லாவிட்டால், வரும் தைப்பூசத்தில் ஒரே ஒரு கோயிலில் மட்டும் மேசையைப் போட்டுப் பாருங்கள். இடத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: வாசலில் வேண்டாம், செருப்பு விடும் இடத்தருகே எல்லாரும் பார்ப்பார்கள். சமையல்கூடத்துக்குப் போகும் பக்கவழியில் போட்டால், அங்கே போகிறவர்களைப் பார்த்து யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு திரை. மைக் வேண்டாம். அட்டைகளை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி
டர்பன்